முதல் சிமுலேஷன் எழுதப் போகிறீர்களா? ரேண்டம் எண்ணில் நான் இடறிய இடங்கள்

ஒரு வரிசை சிமுலேஷன் எழுதினேன், அதாவது ஆட்கள் வந்து நிற்கும் வரிசையைக் கணினியிலேயே நடத்திப் பார்க்கும் புரோகிராம். ஒரே கவுன்ட்டர். சராசரியாக 4 நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார், ஒவ்வொருவருக்கும் சராசரியாக 3 நிமிட வேலை. பாடப் புத்தகத்தில் இருக்கும் கணக்குதான். பைத்தானோடு வரும் ரேண்டம் மாட்யூலில் எழுதியபோது ஒழுங்காக ஓடியது. வேகம் போதவில்லை என்று நம்பைக்கு (பைத்தானில் எண் கணக்கை வேகமாகச் செய்யும் லைப்ரரி) மாற்றினேன். அன்றிலிருந்து வரிசை நீண்டுகொண்டே போனது, குறையவே இல்லை.

இரண்டு வாரம் புரோகிராமைத் தோண்டினேன். வரிசையை மூன்று முறை திருப்பி எழுதினேன். ரேண்டம் எண்களை உருவாக்கித் தரும் ஜெனரேட்டர்தான் கெட்டுப்போயிருக்கிறது என்றுகூட நம்பினேன். கடைசியில் பார்த்தால் கோளாறு அடைப்புக்குறிக்குள் இருந்த ஒரு எண்ணில். அது என்ன என்று நான்காம் படியில் சொல்கிறேன். அந்த இரண்டு வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. இந்த எண்ணை யாராவது ஊகித்தால் நஷ்டமா?

எதையும் தொடுவதற்கு முன் இதற்கு விடை சொல்லிவிடுங்கள். கடவுச்சொல், ஓ.டி.பி., சாவி, செஷன் எண், பணம் வைத்து ஆடும் ஆட்டம் என்றால் நஷ்டம்தான். அங்கே சாதாரண ஜெனரேட்டர் பக்கமே போகக்கூடாது.

பைத்தானின் ரேண்டம் மாட்யூலுக்குள் இருப்பது மெர்சென் ட்விஸ்டர் என்ற ஜெனரேட்டர். மாட்சுமோட்டோ, நிஷிமுரா இருவரும் 1998-இல் வெளியிட்டது. அதன் சுற்று 2-இன் 19937-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, அதாவது பிரபஞ்சம் முடியும்வரை ஓட்டினாலும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வராது. ஆனால் அதன் 32 பிட் எண்களில் அடுத்தடுத்து 624 கையில் கிடைத்தால், அதற்குப் பின் வருவதை எல்லாம் யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். சுற்று நீளமாக இருப்பது வேறு, ஊகிக்க முடியாமல் இருப்பது வேறு.

ரகசியத்துக்கு இயங்குதளம் கொடுக்கும் எண்ணையே வாங்குங்கள். பைத்தானில் சீக்ரெட்ஸ் மாட்யூல் அதற்காகவே இருக்கிறது. இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2006 முதல் 2008 வரை டெபியன் லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கப் பொதியில் ஒரு சிறு திருத்தம் தவறிப்போனது. அதன் பிறகு சாவி உருவாக்குவதில் மாறும் பகுதியாக மிஞ்சியது புராசஸ் எண் (ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் இயங்குதளம் தரும் எண்) மட்டும்தான். ஒரு வகைச் சாவிக்கு மொத்தம் 32,768 வாய்ப்பு. எல்லாவற்றையும் முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்துவிடலாம்.

சிமுலேஷன், மாதிரி எடுப்பு, விளையாட்டு என்றால் நஷ்டம் இல்லை. மேலே படியுங்கள்.

2. ஜெனரேட்டரை நீங்களே எழுதாதீர்கள்

எழுதத் தோன்றும். ஒரு பெருக்கல், ஒரு மீதி, அவ்வளவுதானே என்று தோன்றும். 1960-களில் ஐ.பி.எம். கணினிகளில் ராண்டு என்றொரு ஜெனரேட்டர் அப்படித்தான் இருந்தது. முந்தைய எண்ணை 65,539-ஆல் பெருக்கி, 2-இன் 31-ஆம் அடுக்கால் வகுத்து மீதியை எடுப்பது. தனித்தனி எண்ணாகப் பார்த்தால் குறை தெரியாது. மூன்று மூன்றாக எடுத்து ஒரு கனசதுரத்துக்குள் புள்ளி வைத்தால் எல்லாப் புள்ளியும் வெறும் 15 தளங்களில் போய் அடுக்கிக்கொள்ளும். நடுவில் எல்லாம் காலி.

நம்பையில் புதிய டிஃபால்ட் ஜெனரேட்டர் பி.சி.ஜி. 64. அது போதும். பைத்தானிலும் ஆர் மொழியிலும் மெர்சென் ட்விஸ்டர், சாதாரண வேலைக்கு அதுவும் போதும். சி++ என்றால் ரேண்டம் ஹெடரில் இருக்கும் எம்.டி. 19937.

சி மொழியின் பழைய ரேண்ட் ஃபங்ஷனை மட்டும் தவிருங்கள். அது குறைந்தபட்சம் 32,767 வரை கொடுத்தால் போதும் என்பதுதான் தரநிலை, சில கம்பைலர்களில் சரியாக அவ்வளவுதான் கொடுக்கிறது. 0 முதல் 9,999 வரை ஓர் எண் வேண்டும் என்று 10,000-ஆல் வகுத்து மீதி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 32,768 எண்கள். மூன்று முழுச் சுற்று போக 2,768 மீதி. ஆக, முதல் 2,768 எண்களுக்கு நான்கு வழி, மற்றவற்றுக்கு மூன்றே வழி. சிறிய எண்கள் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக வரும். புரோகிராம் பிழையில்லாமல் ஓடும், யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். இந்த இடத்தில் மீதி எடுக்காமல், லைப்ரரி கொடுக்கும் முழு எண் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள்.

3. விதை எண்: ஒரே முறை போடுங்கள், எழுதி வையுங்கள்

எந்த எண்ணிலிருந்து ஜெனரேட்டர் தொடங்குகிறதோ அதுதான் விதை, சீட் என்பார்கள். அதே விதை, அதே எண் வரிசை. பிழை தேடும்போது இதுவே உயிர்.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விழுவது ஒரே குழியில். லூப்புக்கு உள்ளே, ஒவ்வொரு சுற்றிலும், கடிகார நேரத்தை விதையாகப் போடுவார்கள். 'ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்கட்டுமே' என்ற நல்லெண்ணம்தான். கடிகாரம் வினாடிக் கணக்கில் இருந்தால் அந்த வினாடிக்குள் ஓடும் ஆயிரம் சுற்றுக்கும் ஒரே எண்தான் வரும். புரோகிராம் தொடங்கும்போது ஒரு முறை விதை போட்டால் போதும், பிறகு அதைத் தொடாதீர்கள்.

இரண்டாவது குழி, பல கோர்களில் வேலையைப் பிரிக்கும்போது. புராசஸ் பிரியும்போது ஜெனரேட்டரின் நிலையும் அப்படியே நகலாகிவிடும். எட்டு கோர் ஓடுகிறது, எட்டும் ஒரே எண்களைச் சுடுகிறது. எட்டு மடங்கு மாதிரி எடுத்ததாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நம்பையில் சீட் சீக்வென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதன் ஸ்பான் ஃபங்ஷன் ஒரு தாய் விதையிலிருந்து வேண்டிய அளவு பிள்ளை விதைகள் தரும். ஆளுக்கொன்று கொடுங்கள். 32 பிட் விதைகளை நீங்களே கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், சுமார் 77,000 எடுத்தாலே இரண்டு ஒன்றாக இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

அப்புறம், ஆவணம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விடைக் கோப்பிலேயே, மேல் வரியில், இவற்றை அச்சடிக்க வையுங்கள்:

- விதை எண்
- ஜெனரேட்டரின் பெயர்
- மொழியின் பதிப்பு, லைப்ரரியின் பதிப்பு
- எத்தனை மாதிரி
- பரவலின் (எந்த எண் எவ்வளவு அடிக்கடி வரும் என்பதன்) பெயரும் அளவுருக்களும் (அதற்கு நாம் கொடுக்கும் எண்கள்), அலகோடு

பதிப்பு எதற்கு என்று நானும் கேட்டிருக்கிறேன். ஆர் மொழியில் 3.6.0 பதிப்பு 2019-இல் வந்தபோது சாம்பிள் ஃபங்ஷன் எண் எடுக்கும் முறையைத் திருத்தினார்கள். அதற்கு முன் ஓட்டிய அதே விதை, அதற்குப் பின் வேறு மாதிரியைக் கொடுக்கும். சி++ இன்னும் ஒரு படி மேலே. ஜெனரேட்டர் என்ன தரவேண்டும் என்று தரநிலை கறாராகச் சொல்கிறது: எம்.டி. 19937-ஐ விதை எதுவும் தராமல் தொடங்கினால் 10,000-ஆவது எண் 4123659995 ஆக இருக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணை இயல்நிலைப் பரவலாக எப்படி மாற்றவேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதனால் ஒரே விதை, இரண்டு கம்பைலர், இரண்டு விடை. உங்கள் கணினியில் வந்த எண் நண்பர் கணினியில் வரவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

4. பரவல், அதைவிட முக்கியமாக அதன் அளவுரு

முதலில் எந்தப் பரவல் என்பது. இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிறீர்கள், ஒருவர் வருவதற்கும் இன்னொருவர் வருவதற்கும் தொடர்பில்லை என்றால் பாய்சான். இருவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி என்றால் அடுக்குக்குறிப் பரவல், எல்லாரும் எக்ஸ்பொனென்ஷியல் என்றே சொல்கிறார்கள். நூறு முயற்சியில் எத்தனை வெற்றி என்றால் ஈருறுப்பு. பல சிறு காரணங்கள் கூடிச் சேர்ந்து வரும் அளவு என்றால் இயல்நிலை. உண்மையான தரவு ஏராளமாகக் கையில் இருந்தால் பெயரே தேட வேண்டாம். அந்தத் தரவிலிருந்தே, எடுத்ததைத் திருப்பிப் போட்டுவிட்டு, மாதிரி எடுங்கள்.

தெரிந்தது இயல்நிலை மட்டும்தான் என்பதற்காக எல்லாவற்றுக்கும் அதைப் போடாதீர்கள். வேலை நேரம் சராசரி 3 நிமிடம், திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றிய சிதறலின் அளவு) 2 நிமிடம் என்று இயல்நிலையில் எடுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேருக்கு நேரம் மைனஸில் வரும். வருவதற்கு முன்பே வேலை முடிந்துபோன வாடிக்கையாளர்கள்! மைனஸ் வந்தால் பூஜ்யமாக்கிவிடலாம் என்று ஒட்டுப்போடுவார்கள். போட்டால் சராசரி 3-ஐத் தாண்டிவிடும். நேரத்துக்கு லாக்-நார்மல், காமா போன்ற, பூஜ்யத்துக்குக் கீழே போகாத பரவல்களைப் பாருங்கள்.

இனி என் கதை. எக்ஸ்பொனென்ஷியல் பரவலை இரண்டு விதமாகச் சொல்லலாம். 'நிமிடத்துக்கு 0.25 பேர்' என்று வீதமாகச் சொல்லலாம், 'ஒருவருக்கு 4 நிமிடம்' என்று சராசரியாகவும் சொல்லலாம். பைத்தானின் எக்ஸ்போவேரியேட் வீதத்தைக் கேட்கிறது. நம்பையின் எக்ஸ்பொனென்ஷியல் ஸ்கேல் என்ற பெயரில் சராசரியைக் கேட்கிறது. நான் ஃபங்ஷன் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே இருந்த 0.25-ஐ அப்படியே விட்டுவிட்டேன்.

விளைவைப் பாருங்கள். 4 நிமிடத்துக்கு ஒருவர் வரவேண்டியவர் 0.25 நிமிடத்துக்கு, அதாவது 15 வினாடிக்கு ஒருவராக வந்தார். வேலை நேரத்திலும் அதே தவறு. வீதம் மூன்றில் ஒன்று என்று இருந்தது, அதனால் 3 நிமிட வேலை 20 வினாடி ஆகிவிட்டது. 15 வினாடிக்கு ஒருவர் வருகிறார், ஒருவரை அனுப்ப 20 வினாடி. வரிசை எப்படிக் குறையும்? இரண்டு எண்ணும் சிறியதாகவும் நியாயமானதாகவும் தெரிந்ததால் கண் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. முதல் ஐந்து எண்ணை அச்சடித்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை.

இதே குடும்பத்தில் இன்னும் சில:

இயல்நிலைப் பரவலின் இரண்டாவது அளவுரு நம்பை, ஆர், சி++ மூன்றிலும் திட்ட விலக்கம். புத்தகங்கள் அதன் வர்க்கத்தை எழுதும். புத்தகத்தில் 9 என்று இருந்தால் நீங்கள் 3 போட வேண்டும்.

லாக்-நார்மலில் நம்பை கேட்கும் சராசரி, உங்கள் தரவின் சராசரி கிடையாது. தரவுக்கு லாக் எடுத்தபின் வரும் சராசரி. இதில் தவறினால் எண்கள் வானத்துக்குப் போகும், அதனால் சீக்கிரம் தெரிந்துவிடும். அந்த வகையில் நல்ல பிழை.

பைத்தானின் ரேண்ட்இன்ட்டில் 1, 6 என்று கொடுத்தால் 6-உம் வரும். நம்பையின் இன்டிஜர்ஸில் 1, 6 என்று கொடுத்தால் 5-ஓடு நின்றுவிடும். ஆறு முகப் பகடை ஐந்து முகமாகிவிட்டது உங்களுக்குத் தெரியாது.

பெருக்குத் தொடர்ப் பரவல், அதாவது ஜியாமெட்ரிக், நம்பையில் 1-இலிருந்து எண்ணும், ஏனென்றால் அது முயற்சிகளை எண்ணுகிறது. ஆர் மொழியில் 0-இலிருந்து எண்ணும், அது தோல்விகளை எண்ணுகிறது.

5. லைப்ரரியில் இல்லாத பரவல் வேண்டுமென்றால்

0-க்கும் 1-க்கும் நடுவே சீரான (எங்கும் சம வாய்ப்புள்ள) ஓர் எண்ணை எடுத்து, குவிவுப் பரவல் சார்பின், அதாவது ஓர் அளவோ அதற்குக் கீழோ வரும் வாய்ப்பைச் சொல்லும் சூத்திரத்தின், நேர்மாறில் போட்டால் வேண்டிய பரவல் கிடைக்கும். எக்ஸ்பொனென்ஷியலுக்கு, அந்த எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, மைனஸ் போட்டு, சராசரியால் பெருக்க வேண்டும். இதில் ஒரு பொறி. பெரும்பாலான ஜெனரேட்டர்கள் 0-ஐத் தரும், 1-ஐத் தராது. பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும்போது நீண்ட ஓட்டத்தின் நடுவில் எல்லாம் நாசம். எண்ணை 1-இலிருந்து கழித்துவிட்டு மடக்கை எடுங்கள், தீர்ந்தது.

வட்டத்துக்குள் புள்ளி வைப்பதிலும் எல்லாரும் ஒரு முறையாவது சறுக்குவார்கள். கோணம் ரேண்டம், ஆரம் ரேண்டம், சரிதானே? சரியில்லை. ஆரத்தைச் சீராக எடுத்தால் பாதிப் புள்ளிகள் பாதி ஆரத்துக்குள் விழும். அந்த உள் வட்டத்தின் பரப்போ மொத்தத்தில் கால் பங்குதான். படம் வரைந்தால் நடுவில் ஈ மொய்த்த மாதிரி இருக்கும். ஆரத்துக்கு, சீரான எண்ணின் வர்க்கமூலத்தைப் போடுங்கள்.

6. சீட்டுக்கட்டைக் கலைப்பது

லைப்ரரியின் ஷஃபிள் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள், முடிந்தது. சொந்தமாக எழுதினால், ஒவ்வோர் இடத்தையும் மொத்தச் சீட்டில் ஏதோ ஒன்றோடு மாற்றுவோம் என்றுதான் தோன்றும். மூன்று சீட்டுக்கு அப்படிச் செய்தால் 27 சம வழிகள், ஆனால் ஆறே வரிசைகள். 27-ஐ 6-ஆல் மீதியில்லாமல் வகுக்க முடியாது, அதனால் சில வரிசைகள் கூடுதலாக வந்தே தீரும். கடைசிச் சீட்டிலிருந்து தொடங்கி, அந்தச் சீட்டையும் சேர்த்து, இன்னும் கலைக்காத சீட்டுகளோடு மட்டும் மாற்ற வேண்டும். ஃபிஷர்-யேட்ஸ் முறை என்பது அதுதான்.

7. பெரிய ஓட்டத்துக்கு முன் பத்து நிமிடச் சோதனை

முதல் ஐந்து எண்ணை அச்சடித்து, அலகோடு சத்தமாக வாசியுங்கள். 'இவர் 0.19 நிமிடம் கழித்து வருகிறார், அடுத்தவர் 0.31 நிமிடம் கழித்து.' வாசிக்கும்போதே உறைக்கும்.

பிறகு ஒரு லட்சம் எண்கள் எடுத்து சராசரியும் திட்ட விலக்கமும் பாருங்கள். எக்ஸ்பொனென்ஷியலில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். சராசரி 4 என்றால் ஒரு லட்சத்தில் 3.96-க்கும் 4.04-க்கும் நடுவே நிற்க வேண்டும். பாய்சானில் சராசரியும், திட்ட விலக்கத்தின் வர்க்கமும் சமம்.

முழு எண்களுக்கு கை-வர்க்கச் சோதனை, அதாவது வந்த எண்ணிக்கை எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்ப்பது. பகடையை 600 முறை உருட்டி 88, 109, 97, 113, 94, 99 என்று வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 113-ஐப் பார்த்ததும் மனம் பதறும். ஒவ்வொன்றிலும் 100-ஐக் கழித்து, வர்க்கம் எடுத்து, 100-ஆல் வகுத்துக் கூட்டினால் 4.4 வரும். ஆறு முகத்துக்கு 5 விழுக்காடு எல்லை, அதாவது நல்ல பகடையும் நூற்றில் ஐந்து முறைதான் தாண்டும் அளவு, 11.07. ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் எல்லாமே 99, 100, 101 என்று வந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

கடைசியாக, விடை முன்பே தெரிந்த ஒரு கணக்கை உங்கள் புரோகிராமில் ஓட்டுங்கள். என் வரிசைக்கு சூத்திரமே இருக்கிறது: வருகை இடைவெளியும் வேலை நேரமும் எக்ஸ்பொனென்ஷியலாக, சராசரி 4-உம் 3-உம் என்றால், வரிசையில் நிற்கும் சராசரி நேரம் 9 நிமிடம், நான்கில் ஒருவர் நிற்கவே வேண்டாம். இந்த இரண்டு எண்ணும் வராமல் அடுத்த மாற்றத்துக்குப் போகாதீர்கள்.

8. எத்தனை முறை, எவ்வளவு நேரம்

இங்கே செலவு என்பது நேரம்தான். பிழை, மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். ஒரு தசம இடம் கூடுதலாகத் துல்லியம் வேண்டுமென்றால் 100 மடங்கு ஓட்ட வேண்டும். சதுரத்துக்குள் புள்ளி எறிந்து, உள்ளே இருக்கும் வட்டத்தில் எத்தனை விழுந்தன என்று எண்ணி, பை (π) மதிப்பைக் கண்டால், 10,000 புள்ளிக்கு பிழை சுமார் 0.016 இருக்கும். 10 லட்சம் புள்ளி எறிந்தால் 0.0016. π-க்கு இது மோசமான வழி, ஆனால் பழகுவதற்கு நல்ல வழி.

எனவே முதலில் சிறிதாக ஓட்டி நேரம் பாருங்கள். 1,000 மாதிரிக்கு 2 வினாடி என்றால், 10 லட்சத்துக்கு 2,000 வினாடி, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதற்கும் மேலே ஒரு தசம இடம் கேட்டால் இரண்டு நாளைத் தாண்டிவிடும். அந்த இடம் உண்மையிலேயே வேண்டுமா என்று அப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிசைக் கணக்கில் ஒரு தனி எச்சரிக்கை. எனக்கு முன்னால் நிற்பவர் நீண்ட நேரம் காத்திருந்தால் நானும் காத்திருப்பேன். அடுத்தடுத்தவர்களின் நேரம் ஒன்றையொன்று சார்ந்தது. ஒரே ஓட்டத்தில் ஒரு லட்சம் பேரை எடுத்துவிட்டு, அவர்கள் நேரத்தின் திட்ட விலக்கத்தை ஒரு லட்சத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழை உண்மையைவிட மிகச் சிறியதாகத் தெரியும். வேறு வேறு விதையோடு 20, 30 தனி ஓட்டங்கள் ஓட்டி, ஓட்டத்துக்கு ஒரு சராசரி எடுத்து, அந்தச் சராசரிகளின் விலக்கத்தைப் பாருங்கள். கடை திறந்ததும் வரிசை காலியாக இருக்கும் என்பதால், ஒவ்வோர் ஓட்டத்திலும் தொடக்கத்தில் வருகிறவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு கவுன்ட்டரா இரண்டா என்று இரண்டு திட்டங்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் அதே விதைகளைக் கொடுங்கள், வருகைக்கு ஒரு ஜெனரேட்டர், வேலை நேரத்துக்கு ஒரு ஜெனரேட்டர் என்று பிரித்து. இரண்டு திட்டத்துக்கும் ஒரே ஆட்கள் ஒரே நேரத்தில் வருவார்கள், வித்தியாசம் சில ஓட்டங்களிலேயே தெரிந்துவிடும். ஒரே ஜெனரேட்டரில் இரண்டையும் எடுத்தால், யாருடைய வேலை முதலில் முடிகிறது என்பதைப் பொறுத்து எண்கள் இடம் மாறிப்போகும், ஒரே விதை கொடுத்தும் பயனில்லை.